எட்டு சதவீதம்

செப்டம்பர் 16. 99-ம் நாள்.

83-ம் நாள் பதிவில் ஒரு பிழை இருக்கிறது, சார். "மாலை 6.41 முதல் 6.43 வரை, இரண்டு நிமிடம்" என்று எழுதியிருக்கிறேன். 6.49 என்று இருக்க வேண்டும். மொத்தம் எட்டு நிமிடம்.

நேற்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இரண்டு நிமிடத்தில் எட்டு சதவீதம் இறங்குமா? பேட்டரி போய்விட்டது போல" என்று எழுதியிருந்தீர்கள். பிறகு கரும்பலகையிலும் அந்த எண்களைப் போட்டு, "எவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சாலும் சில பேட்டரி இப்படித்தான் திடீர்னு காலை வாரிடும்" என்று வகுப்புக்கே சொன்னீர்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அப்போது கை தூக்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அந்தப் பேட்டரி யார் காலையும் வாரவில்லை. நிமிடத்துக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கை அது கடைசி வரை தவறவிட்டதில்லை. தவறு என்னுடையது. அதன் மேல் பழி விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இந்தப் பருவத்தின் முதல் வகுப்பில், வீட்டில் இருக்கும் ஒரு கையடக்கக் கருவியைத் தேர்ந்தெடுத்து அதன் பேட்டரியை நூறு நாள் கவனித்து நோட்டு எழுதச் சொன்னீர்கள். நூறாம் நாள் யாருடைய பேட்டரி தன் கொள்ளளவை மிகக் குறைவாக இழந்திருக்கிறது என்று பார்ப்போம் என்றீர்கள். பெரும்பாலானவர்கள் கைப்பேசியை எழுதினார்கள். ஒருவர் முகச்சவர மெஷின். நான் "அண்ணனின் பேச்சுக் கருவி" என்று எழுதினேன். அது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. பட்டியலில் டிக் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனீர்கள்.

என் அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். தொண்டையில் கட்டி வந்து, போன வருடம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை; துளையில் ஒரு குழாய். பேசுவதற்கு, டார்ச் லைட் அளவில் ஒரு கருவி. அதைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் சவர மெஷின் மாதிரி ஓர் இரைச்சல் வரும். அந்த இரைச்சலை வாயும் நாக்கும் சொல்லாக்கும். ஏற்ற இறக்கம் கிடையாது. "சாப்பிட்டியா" என்பதும் "வீடு பத்திக்கிச்சு" என்பதும் ஒரே சுரத்தில்தான் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும்: அந்தக் கருவிக்கு மூச்சு வேண்டாம். நுரையீரலில் காற்றே இல்லாவிட்டாலும் பேட்டரி இருக்கும்வரை பேசலாம்.

நூறு சதவீதம் இருந்தால் நூறு நிமிடப் பேச்சு. பொத்தானைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் கணக்கு.

நீங்கள் சொன்ன விதிகளை அப்படியே கடைப்பிடித்தேன். முழுதாக ஏற்றக் கூடாது, முழுதாக வடிய விடக் கூடாது, சூடாக்கக் கூடாது. "பேட்டரியும் வயிறும் ஒண்ணுதான், முக்கால் வயித்தோட எழுந்திருச்சிடணும்" என்றீர்கள். எண்பதில் நிறுத்தினேன். இருபதுக்குக் கீழே போகக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அதாவது ஒரு நாளைக்கு அறுபது நிமிடம். சார்ஜரை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. இந்த மாடல் இப்போது வருவதில்லை, பேட்டரி போனால் போனதுதான் என்று சொல்லியிருந்தேன். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்பது அண்ணியின் நம்பிக்கை.

அண்ணன் மட்டும் கிண்டல் செய்வார். எனக்கு அவர் வைத்த பெயர் மீட்டர். சின்ன வயதில் தண்ணீர் குடித்த டம்ளர்களை எண்ணிக்கொண்டிருப்பேனாம், அப்போதிலிருந்து.

"டேய் மீட்டர், இன்னைக்கு எத்தனை பர்சென்ட்டுக்கு வாயைத் திறக்கலாம்?"

"அறுபது நிமிஷம், அண்ணா. இப்பவே பன்னிரண்டு போயிடுச்சு."

"உன் அண்ணிகிட்ட ஒரு சண்டை போடக்கூடப் பத்தாதேடா. பாதியில கட்டானா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"எப்பவுமே நான்தான் ஜெயிக்கிறேன்" என்றார் அண்ணி, சமையலறையிலிருந்து. "சார்ஜ் இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சீங்க."

அவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் "காலை 9.10, நான்கு நிமிடம், அவசியமற்றது" என்று பதிந்தேன். அந்தக் கடைசிச் சொல்லை எழுதியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் அப்படி ஒரு கட்டம் போடச் சொல்லவில்லை. பேட்டரி எதற்குச் செலவாகிறது என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும் என்று நானாகச் சேர்த்தேன். இருபதாம் நாளில் கூட்டிப் பார்த்தபோது, அவர் பேசியதில் மூன்றில் இரண்டு பங்கு அவசியமற்றதாக இருந்தது. கிண்டல், பக்கத்து வீட்டாரிடம் அரட்டை, அண்ணியின் பெயரைச் சும்மா கூப்பிட்டுப் பார்ப்பது. மீதியில் பெரும்பகுதி குழந்தைக்குக் கதை.

குழந்தைக்கு ஆறு வயது. அப்பாவின் புதுக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. வழி மறந்துபோன ஒரு பஸ்ஸின் கதையை அவர் தினமும் மாலையில் சொல்லுவார். பஸ் ஒவ்வோர் ஊராகப் போய், "நான் எங்கே போகணும்?" என்று கேட்கும். எந்த ஊரிலும் சரியான பதில் கிடைக்காது. இருபதைத் தொடும்போது நான் கையை உயர்த்துவேன். கதை அங்கேயே நிற்கும்.

"சித்தப்பா, இன்னும் ரெண்டே ரெண்டு வார்த்தை."

"நாளைக்கு."

"ரெண்டு வார்த்தைக்கு எவ்ளோ ஆகும்?"

நல்ல கேள்விதான். நான் அளந்து பார்த்தேன். ஒரு வார்த்தைக்கு ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் விதி விதிதான்.

25-ம் நாள் மேல் எல்லையை எழுபதாக்கினேன். 52-ம் நாள் அறுபதாக்கினேன். எல்லையைத் தாழ்த்தத் தாழ்த்த ஆயுள் கூடும் என்று நீங்கள் காட்டிய வரைபடத்தில் இருந்தது. ஆக, ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். அண்ணன் சுருக்கிப் பேசக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு அண்ணியின் பெயரைச் சும்மா கூப்பிடுவதும் நின்றது. கதைக்காக மிச்சம் பிடிக்கிறார் என்பது நோட்டைப் பார்த்தால் தெரியும். பகல் முழுக்க வெறுமையாக இருந்துவிட்டு மாலையில் ஒரே மூச்சாக நாற்பது நிமிடமும் வரும்.

எனக்கும் அவருக்கும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். என் படிப்பை, நல்லது கெட்டதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஒரு சம்பவத்தைத் தகவலுக்காகச் சொல்கிறேன், காரணமாக அல்ல. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டு நின்றேன். அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துவிட்டார். ஒலிபெருக்கியில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் அழுதுகொண்டு நிற்கும் மாணவர் தனது சாப்பாட்டை அறிவிப்பாளர் அறையில் பெற்றுக்கொள்ளவும்" என்றார். நிலையமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் அதை அன்பாகத்தான் செய்தார். தன் சாப்பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பட்டினி இருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கதையை, அதே அறிவிப்புக் குரலில், சொல்லிக் காட்டுவார். பட்டினி இருந்ததைச் சொல்ல மாட்டார். மூன்றாம் நடைமேடை என்றால் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் நான்தான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கருவி வருவதற்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவர் பலகையில் எழுதுவார். நான் படித்துச் சொல்லுவேன். அவருடைய கையெழுத்து வீட்டில் எனக்குத்தான் புரியும். வருகிறவர்கள் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார்கள். சில சமயம் அவர் எழுதியதை லேசாக மாற்றிப் படித்திருக்கிறேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அவருடைய நகைச்சுவையை விட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

அது அமைதியான காலம். இதையும் தகவலுக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் புரட்டினீர்களா தெரியவில்லை. கருவியோடு இரண்டு பேட்டரி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பயன்படுத்தாத ஒன்று இருந்தால்தான் சோதனை முழுமையாகும் என்று தோன்றியது. இரண்டாவதை நாற்பது சதவீதத்தில் நிறுத்தி, துணியில் சுற்றி, என் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். நெடுநாள் வைக்க நாற்பதுதான் உகந்தது என்றீர்கள். 99 நாளில் அது முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. நல்ல பேட்டரி. இது இருப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பெட்டியைப் பிரித்தவன் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இனி 83-ம் நாள். ஆகஸ்ட் 31.

அன்று பள்ளியில் குழந்தைக்கு ஆண்டு விழா. மதியமே அண்ணி அவளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மாலையில் கதை கேட்க முடியாதே என்று அவள் காலையில் அழுதாள். அண்ணன் அவளை மடியில் உட்கார வைத்துக் கதையைத் தொடங்கினார். நான் வேலை பார்க்கும் நகல் எடுக்கும் கடைக்கு அன்று விடுப்பு போட்டிருந்தேன், அதனால் பக்கத்தில்தான் இருந்தேன். இருபது வந்தது. கையை உயர்த்தினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பிக் கதையைத் தொடர்ந்தார். பஸ் கடைசியில் ஒரு சின்னப் பெண்ணிடம் வழி கேட்கிறது. அவள், "நீ எங்கயும் போக வேணாம், என்னை ஏத்திக்கோ, சும்மா சுத்தலாம்" என்கிறாள். அதோடு கதை முடிந்தது. பதினொரு நிமிடம் கூடுதல். 83 நாளில் முதல் முறையாக எல்லை மீறப்பட்டது. ஒன்பது சதவீதம் மீதி.

புறப்படும்போது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, அதைக் கொஞ்சம் சார்ஜுல போட்டு வெச்சிடு. சாயங்காலம் ஆறரைக்கு அவருக்குக் குழாய் கழுவணும். நீதான் கண்ணாடி பிடிக்கணும், மறந்துடாதே. தனியா செஞ்சா சரியா மாட்ட வராது அவருக்கு."

"சரி அண்ணி."

சார்ஜில் போடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஏற்றுவது. அடுத்தது மறுநாள் காலை ஆறு மணி. அவர் மீறினார் என்பதற்காக நானும் மீற முடியாது.

6.30-க்கு உள்ளறைக்குப் போய் அளவு எடுத்தேன். ஒன்பது. பகல் முழுக்க அவர் பேசவே இல்லை. கண்ணாடியைக் காட்டிக் கையசைத்தார். "எழுதிட்டு வர்றேன், அண்ணா" என்றேன். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். தாழ்ப்பாள் போடவில்லை, சும்மா சாத்தினேன்.

என் மேசை கூடத்தில் இருக்கிறது. மேசை மேல் நோட்டு, உங்கள் ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்த அளவுமானி, கடிகாரம். பக்கத்து முக்காலியில் சளி உறிஞ்சும் மெஷின். அதற்கும் பேட்டரி உண்டு என்பதால் அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எழுபத்தெட்டு சதவீதம் இருந்தது. அது உள்ளறையில் இருக்க வேண்டியது.

6.41-க்கு இரைச்சல் கேட்டது.

முதல் பதிவில், "என்ன சொன்னார் என்று தெளிவாகக் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று அடி தூரம், ஒற்றைப் பலகைக் கதவு. தெளிவாகக் கேட்டது.

முதலில், "டேய், கண்ணாடி" என்றார். இரண்டு முறை. பிறகு, "அடைச்சிருக்கு. குழாய் வரல" என்றார். பிறகு, "மெஷினை எடுத்துட்டு வா". பிறகு என் பெயர். மீட்டர் என்றல்ல, அப்பா அம்மா வைத்த பெயர். அவர் அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டுப் பல வருடம் இருக்கும்.

சுரம் மாறவில்லை, சார். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குரலை வைத்து எதையும் சொல்ல முடியாத கருவி அது.

6.44-க்கு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், பொத்தானை விடவில்லை. "மூன்றாம் நடைமேடை மாணவர் உடனே உள்ளறைக்கு வரவும்." ஒரு சொல்லும் குழறவில்லை. தொழில்காரர். அப்போது, இவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். டாக்டரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. ஆனால் இது பிழைதிருத்தம். விளையாட்டு என்று நான் நினைக்கவில்லை.

நான் நினைத்தது இதுதான்: எட்டு மீதி, ஏழு மீதி. இந்தப் பேட்டரியை இவ்வளவு தாழ்வாக நான் பார்த்ததே இல்லை. ஒரு சதவீதத்தில் கருவி தானாக நின்றுவிடும், பேட்டரியைக் காப்பாற்ற அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அது சரியா என்று சோதிக்க வாய்ப்பே வந்ததில்லை. நான் உள்ளே போனால் அவர் பொத்தானை விட்டுவிடுவார். அளவு பாதியில் அறுந்துவிடும்.

இது மட்டும்தானா என்று நேற்றிரவிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை. இது மட்டும்தான் என்றே எழுதிக்கொள்கிறேன்.

6.46-லிருந்து சொல் இல்லை. வெறும் இரைச்சல், அறுபடாமல். ஏதோ உரசும் சத்தம், பிறகு விழும் சத்தம். இரைச்சல் மட்டும் கதவை நோக்கி நகர்ந்து வந்தது. 6.49-க்கு நின்றது. சரியாக எட்டு நிமிடம், எட்டு சதவீதம். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. பேனாவை மூடி, மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கதவைத் திறந்தபோது அவர் கைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. அதை எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். அளவு பார்த்தேன். ஒன்று.

பிறகுதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். சத்தம் கேட்டு இரண்டே நிமிடத்தில் ஓடினேன் என்று அவர்களிடம் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். இப்படி நடப்பதுண்டு, யார் மேலும் தவறில்லை என்றார். வாயால் சொன்னதையே நோட்டிலும் எழுதினேன். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேனே தவிர, சதவீதத்தை மாற்றத் தோன்றவில்லை. எப்படி மாற்றுவது? அது மீட்டரில் பார்த்த எண்.

அண்ணி அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே தம்பி, அதுவே போதும். அவரு தனியா போகல" என்றார். குழந்தை, கதை முடிந்துவிட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே, சார், நீங்கள் வட்டமிட்ட இடத்தில் பேட்டரியின் குறை ஒன்றுமில்லை. வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்தப் பக்கத்தை நீங்கள் யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டலாம். எட்டு நிமிடமும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்; அவர் கூப்பிட்டது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது; எழுந்திருக்கவில்லை. இப்படி எழுதினால் ஐயத்துக்கு இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. அண்ணி அதிகம் பேசுவதில்லை. யாராவது வந்து கேட்டால் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நாளைய வேலை. 100-ம் நாள், இறுதிக் கொள்ளளவுச் சோதனை. காலை ஆறு மணிக்கு இழுப்பறையைத் திறந்து சார்ஜரை எடுக்க வேண்டும். பொத்தான் அமுங்கியே இருக்க ஒரு ரப்பர் பட்டை தேவை, கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டேன். நிற்கும்வரை இரைச்சலைக் கேட்டு நேரம் குறிக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரியை முதல் முறையாக முழுதாக, நூறு வரை ஏற்ற வேண்டும்.